மிச்சம் மாப்பிள்ளை தொட்ட பட்டன்

மாப்பிள்ளை கை வைத்தால் எந்த மெஷினும் ஒரு ஸ்க்ரூ இளைத்துவிடும் என்பது அந்தக் குடும்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மிக்ஸியைக் கழற்றி மாட்டினார், ஒரு ஸ்க்ரூ மிச்சம். மேஜை மின்விசிறியைக் கழற்றினார், இரண்டு மிச்சம். சுவர்க் கடிகாரத்தில் மிச்சமானது ஸ்க்ரூகூட இல்லை, முழுசாக ஒரு பல்சக்கரம். அது இல்லாமலேயே கடிகாரம் ஓடத்தான் செய்தது, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முந்திக்கொண்டு. அன்றைக்கு மனைவியின் அண்ணன் 'மிச்சம் மாப்பிள்ளை' என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரை இப்போது யாராவது சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு முறை திரும்பிப் பார்ப்பார், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

இத்தனைக்கும் ஆள் கைவேலைக்காரர். பல்செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் தட்டு வைத்து அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, அச்சு எடுத்து, மெழுகு வைத்து, பல் பல்லாக அடுக்கி அனுப்புவார். முடி அளவு கூடினாலும் குறைந்தாலும் போட்டவருக்குக் கடிக்க வராது. அப்பேர்ப்பட்ட வேலையில் இருபது வருஷமாக ஒரு பல் திரும்பி வந்ததில்லை. ஸ்க்ரூ என்று வந்தால் மட்டும் அந்தக் கைக்கு என்ன கேடு வருமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பட்டறை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு மணிக்கு வந்ததும் நேரே பட்டறைக்குள் வந்து, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துவார். பிள்ளைகள் எழுதிய கூத்தையெல்லாம் உரக்கப் படிப்பார். ஒரு கூலியாள் ஒரு வேலையை எத்தனை நாளில் முடிப்பார் என்ற கேள்விக்கு 'அவர் மனசு வைத்தால்' என்று எழுதியவன் உண்டு. மாப்பிள்ளை மெழுகைச் செதுக்கிக்கொண்டே சிரிப்பார். சிரிக்கும்போது கையை மட்டும் எடுத்துவிடுவார், பல் கோணக் கூடாதே. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரமும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் விஷயம் அதுதான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆபத்து இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் டீச்சருடைய தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். டீச்சர் அவசரத்தில் சமையல் மேடையிலிருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். தலைமை ஆசிரியை பாதி குடித்த பிறகு, ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜரின் கீழ்வரிசைப் பற்கள் டம்ளரின் அடியிலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தன. ஊற வைத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அன்று இரவு டீச்சர் கத்தவில்லை, அழவில்லை. கணக்கில் விதி சொல்வதுபோல ஒரே ஒரு விதி சொன்னார். இன்னொரு தடவை பட்டறைச் சாமான் சமையலறை வாசலைத் தாண்டினால், பட்டறை வீட்டு வாசலைத் தாண்டும். கடைத்தெருவில் ஓர் அறை வாடகைக்குக் கிடக்கிறது, பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்.

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அரை மதிப்பெண்ணுக்காக ஒரு மாணவனின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூவரும் வந்து நின்றும் அசையாதவர்.

இந்த நிலைமையில்தான் போன வருஷம் டீச்சரின் அண்ணன், தங்கை கை நோகக் கூடாது என்று, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். டீச்சர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இதன் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவரும் மனமாரச் சத்தியம் செய்தார். சத்தியத்தை இன்றுவரை மீறவில்லை. அவர் மீறியது வேறு.

அந்தச் சனிக்கிழமை காலை டீச்சர் முந்தைய இரவுப் பாத்திரங்களோடு மெஷினை மூடி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். பட்டன் அழுந்தவில்லை. ஏற்கெனவே பாதி உள்ளே போய் நின்றிருந்தது, வெளியேயும் வரவில்லை. மூன்று விளக்குகள் சிமிட்டின. ஒரு கீச்சொலி விட்டு விட்டுக் கேட்டது.

டீச்சர் பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டார். தான் ஈரக் கையோடு பட்டனைத் தொட்டுத் தொட்டு மெஷினைப் பாழாக்கிவிட்டதாக அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் நிதானமாகச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி போட வேண்டும். அதற்கும் சரியாகவில்லையென்றால் கவலை வேண்டாம். மதியம் எப்படியும் சாப்பிட வருகிறார், வரும்போது தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிவருவார், முன்பலகையைக் கழற்றிப் பார்த்துவிடலாம். டீச்சருக்கு அன்று அரை நாள் பள்ளிக்கூடம், அதற்கு நேரமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் போடுவதோடு சரி, மதியம்வரை வேறெதையும் தொடக் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை சமையலறைக்கு வந்து மெஷின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தொடுகிற எண்ணம் சத்தியமாக இல்லை, பார்க்கத்தான். பார்த்தவர் பட்டனைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நகத்தில் ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியம்கூட இல்லை. இருபது வருஷமாகத் தினமும் காலையில் கரைக்கிற பொருள் அது.

பிளாஸ்டர்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். மெஷின் வந்த வாரத்திலிருந்தே, டீச்சர் வீட்டில் இல்லாத நேரத்தில், மாப்பிள்ளை தன் ரப்பர் கிண்ணங்களையும் அளவெடுக்கும் தட்டுகளையும் அதில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மருந்துத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுத்தான் போடுவார், பிறகு மெஷினை வெறுமனே ஒரு தடவை சுடுதண்ணீரில் ஓட விடுவார், அதிலெல்லாம் ஒழுங்கான மனிதர். நேற்று மாலை மட்டும் சறுக்கிவிட்டது. டீச்சருக்குப் பெற்றோர் கூட்டம். மூன்று டாக்டர்களின் வேலை ஒரே நாளில் வந்து கழுத்தில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டர் கரைத்த கையைக் கழுவாமலே ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். பிளாஸ்டர் ஈரத்தோடு இடுக்கில் இறங்கிவிட்டது. இறங்கினால் பத்து நிமிஷத்தில் கல். இது உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் முன்பலகையைக் கழற்றிய மறு நிமிஷமே கேட்பான், இங்கே எப்படி பிளாஸ்டர் வந்தது என்று. அந்த வீட்டில் பிளாஸ்டர் வைத்திருப்பவர் ஒரே ஆள். பிறகு கடைத்தெரு அறைதான், முக்கால் மணி நேர பஸ்தான், நாலு மணி ஸ்டூல் காலிதான். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள்.

முதலில், பதற்றத்தில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். இருக்கிற பட்டன்களையெல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினார். சிமிட்டிக்கொண்டிருந்த மூன்று விளக்குகளும் நின்றுபோய்ப் புதிதாக ஒரு சாவிப் படம் எரிந்தது. இதுவரை ஒரு பட்டன்தான் வேலைநிறுத்தம், இப்போது மொத்தச் சங்கமும். கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தார். சின்னப் பிள்ளைகள் விளையாடாமல் இருக்கப் போடும் பூட்டு அது. விழுந்துவிட்டால் ஸ்டார்ட் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் திறக்கும் என்று போட்டிருந்தது. ஸ்டார்ட் பட்டன் அழுந்தினால்தானே? பூட்டைத் திறக்கும் சாவியைப் பூட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புண்ணியத்தையும் கட்டிக்கொண்டார்.

ஸ்க்ரூ டிரைவர் பட்டறை மேஜையில் கிடந்தது. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்தார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் முன்பலகை கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மூன்று போதும் என்று அவருக்குள் இருக்கும் ஒருவன் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டுத்தான் கடிகாரம் அந்தக் கதிக்கு ஆளானது. மாப்பிள்ளை பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. இது மெஷின் வேலையே இல்லை. ஒரு சின்னப் பள்ளத்தில் இறுகிப்போன பிளாஸ்டரை, பக்கத்தில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவர் தினமும் பத்துத் தடவை செய்கிறார்.

பிறகு அந்த மனிதரைப் பார்த்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினார். பட்டறையிலிருந்து மேஜை விளக்கையும், கண்ணில் மாட்டும் லென்ஸையும், பிளாஸ்டரைக் கரைக்கும் திரவத்தையும், மெழுகு செதுக்கும் ஊசிக் கத்தியையும் கொண்டுவந்தார். திரவத்தை ஊற்றினால் உள்ளே போய் வேறு எதையாவது கெடுக்கும். அதனால் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பிழிந்து, கோட்டின் மேல் மட்டும் ஒற்றினார். பத்து நிமிஷம் காத்திருந்தார். மறுபடி ஒற்றினார். பக்கத்து அடுக்ககத்தில் யாரோ சுவரில் துளை போட்டார்கள், தெருவில் ஒரு லாரி பின்னால் போகிறேன் பின்னால் போகிறேன் என்று கத்தியது. எதுவும் அவர் காதில் விழவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கத்தியின் நுனியை ஒரு மூலையில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நெம்பினார்.

டக் என்று பட்டன் வெளியே குதித்தது. கூடவே, உடையாமல் முழுசாக, நகம் வெட்டிய துண்டளவு பருமனில், ஒரு சின்னச் சதுரச் சட்டம் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அச்சு என்றால் இதுதான் அச்சு.

பிளக்கைப் போட்டார். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி மூன்று எண்ணினார். சாவிப் படம் அணைந்தது. ஸ்டார்ட்டை அழுத்தினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரவுப் பாத்திரங்கள் கழுவப்பட ஆரம்பித்தன.

மாப்பிள்ளைக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு மெஷின், அவர் கையால், ஒரு ஸ்க்ரூவும் மிச்சமில்லாமல் சரியாகியிருக்கிறது. பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவை. மனைவிக்குப் போன் செய்யக் கையில் எடுத்தார், என்ன சொல்வது என்று யோசித்தார், வைத்தார். மச்சானுக்குச் செய்யலாமா என்று எடுத்தார், வைத்தார். எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால் ஏன் என்பது பின்னாலேயே வந்து நிற்கும். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சாதனையை ஒரு ஜீவனிடமும் சொல்ல முடியாது. சட்டத்தைக் குப்பையில் போடத்தான் போனார். மனசு வரவில்லை. பல் போட்டு அனுப்பும் சின்ன டப்பா ஒன்றில் அதை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு டீச்சரும் அண்ணனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் பின்னால் வருவதாக ஏற்பாடு. டீச்சர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினார். மெஷின் வேலையை முடித்துவிட்டுச் சாதுவாக நின்றது. பட்டனை அழுத்திப் பார்த்தார், பாத்திரங்களைத் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டதில் சரியாகிவிட்டது என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பொய்யும் இல்லை, பிளக்கைப் பிடுங்கத்தானே செய்தார். அண்ணன் மெக்கானிக்கை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே ஒரு மெஷினைச் சரிசெய்தவனின் நடையோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அண்ணன் விடவில்லை. மெஷினைப் பற்றி இரண்டு வாய் சோற்றுக்கு ஒரு பாடம் என்று எடுத்தார். ஈரக் கையோடு தொடக் கூடாது என்று அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னாராம். பார்த்துப் பழகத் தெரியாதவர்கள் கையில் நல்ல பொருளைக் கொடுத்தால் இப்படித்தானாம். சின்ன வயசில் தன் சைக்கிளையும் இவள்தான் உடைத்தாளாம். ஒரு வகுப்பையே ஒரு புருவத்தால் உட்கார வைக்கிற டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் துடைத்துவிட்டுத் தொடுகிறேன் என்று சொன்னார்.

தன் வேலைக்கு மச்சான் பெயர் வாங்கியதைக்கூட மாப்பிள்ளை எப்படியோ விழுங்கிவிட்டார். இதை அவரால் விழுங்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு அவள் தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைத்தெரு அறை ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜை நடுவில் வைத்துத் திறந்தார்.

"மச்சான், அவ ஒண்ணும் பண்ணல. பட்டன் ஒட்டிக்கிட்டது என்னாலதான். அதைச் சரி பண்ணதும் நான்தான்."

இரண்டாவது பாதி தேவையே இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்வது.

டீச்சர் அந்தச் சட்டத்தை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகையை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. திரும்பிவந்து, வகுப்பில் கேட்கிற குரலில், சுருக்கமாகக் கேட்டார்.

"எத்தனை நாளா நடக்குது?"

"மெஷின் வந்த வாரத்துலேர்ந்து. கிண்ணமெல்லாம் அதுலதான் கழுவுறேன்."

"கழுவினதுக்கு அப்புறம் வெறுமனே ஓட விடுவீங்களா?"

"எப்பவும் விடுவேன்." மாப்பிள்ளை காலி டப்பாவை மூடினார். "நேத்து மட்டும் விடல. நீ கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு."

அண்ணனுக்குக் கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். தன் முன்னாலிருந்த தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் அந்தக் கிண்ணங்களுக்கு அடுத்து ஓடிய ஓட்டத்தில் வெளியே வந்தவை என்பது அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மாதாமாதம் வந்து இந்த வீட்டில் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயிற்று.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். பட்டறைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு சமையலறையில் கேட்டது. மாப்பிள்ளை சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறையைக் கடைத்தெருவுக்கு மாற்றுவது பெரிய வேலையில்லை, ஒரு வண்டியில் போய்விடும். ஆனால் அங்கே நாலு மணிக்கு யார் வந்து உட்காருவார்கள்?

டீச்சர் திரும்பிவந்தபோது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"நான் சொன்ன விதி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பட்டறைச் சாமான் சமையலறைக்குள்ள வந்தா, வெளியே போகணும்."

"பட்டறை வெளியே போகணும்னு சொன்னேன். இப்ப யோசிச்சுப் பார்த்தா, ஒரு வருஷமா என் சமையலறைக்குள்ள நிக்கிற பட்டறைச் சாமான் அந்த மெஷின்தான். அதைக் கொண்டுபோய் உங்க குழாய்க்குப் பக்கத்துல வெச்சுக்கோங்க. இனிமே அதுல ஒரு ஸ்பூன்கூட நான் போட மாட்டேன்."

அண்ணன், தான் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த மெஷின் என்று ஆரம்பித்தார். வேண்டுமானால் அண்ணனே எடுத்துப்போய்த் தன் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கழுவிக்கொள்ளலாம் என்று தங்கை சொன்னதும், அந்தப் பேச்சை அப்படியே விட்டார். சரி, கழற்றி மாட்ட அந்த மெக்கானிக்கையாவது கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தார்.

"வேண்டாம்ணா," என்றார் டீச்சர். "அவரே கழட்டட்டும்."

ஸ்க்ரூ டிரைவரைக் கணவர் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்ட பொருள் அது. இனி பாத்திரம் கழுவுவது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேடைக்கடியில் மெஷினைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, குழாயைப் பிரித்து, மச்சான் ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மச்சான் வழியெல்லாம் முணுமுணுத்தார், ஆனால் தள்ளினார். பட்டறைக் குழாயோடு மெஷினை இணைத்து, தாங்கு பலகையில் வைத்து முடுக்கி, ஓட விட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. மூன்றரைக்கு மச்சான் கிளம்பினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, தாகமில்லை என்று சொல்லிவிட்டார்.

நாலு மணிக்கு டீச்சர் விடைத்தாள் கட்டோடு பட்டறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். மாப்பிள்ளை மெஷினுக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். வலது கையை மூடிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டினார். மாப்பிள்ளை வந்து, அந்த உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூவை வைத்தார். பழைய மிச்சங்களையெல்லாம் போட்டு வைக்கும் காப்பித்தூள் பாட்டில் எப்போதும் சமையலறை அலமாரியில்தான் இருக்கும். இன்றைக்கு அதை முன்கூட்டியே எடுத்துவந்து ஜன்னல் திட்டில் திறந்து வைத்திருந்தார் டீச்சர். ஸ்க்ரூவை அதில் போட்டு மூடியைத் திருகிவிட்டு, அடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்தார்.